கண்ணாடியில் தெரிந்த குடை

வதந்தி வந்து சேர்ந்த நேரத்தில் அவள் தலை முழுக்க நுரை. முடிவெட்டும் கடையின் பீங்கான் தொட்டி விளிம்பில் பிடரியைச் சாய்த்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தலையை அலசிக்கொண்டிருந்த பெண் கடைக்குப் புதியவள். கையும் வாயும் சேர்ந்தே ஓடும் ரகம்.

"கேள்விப்பட்டீங்களா மேடம்? பாலத்துக்குப் பக்கத்து ஹால்ல நடந்த ரிசப்ஷன்ல ஒருத்தருக்குக் கண்ணே போயிடுச்சாம்."

"எப்படி?"

"போட்டோ எடுக்க வந்த பொம்பளையாலதான். மூலைக்கு மூலை லைட்டை நட்டு வச்சு, பட்டாசு மாதிரி படபடன்னு அடிச்சிருக்கா. மாப்பிள்ளையோட அப்பா பாவம், மைக்கைப் பிடிச்சு நாலு நல்ல வார்த்தை பேசிட்டிருந்தவரு. கண்ணு இருட்டிப்போய் மேடையிலேர்ந்து அப்படியே கீழ. எங்க ஓரகத்தி சொன்னா. அவளுக்கு அந்த ஹால்ல நாற்காலி போடறவங்க சொன்னாங்களாம்."

"எந்தப் பொம்பளை?"

"பேரு தெரியல. மின்னல்னு கூப்பிடுவாங்களாம். பாருங்களேன், கூப்பிடற பேரே விளங்காத பேரு."

மின்னல் எழுந்து உட்கார்ந்தாள். நுரை நெற்றி வழியாக இறங்கிப் புருவத்தில் தேங்கியது.

"கண்ணு போகல. மணிக்கட்டுல விரிசல். கட்டுப் போட்டிருக்காங்க. கண்ணு ரெண்டும் முழுசா இருக்கு, பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"அந்தப் பொம்பளை நான்தான்."

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் அவள் கேட்டாள்: "தண்ணி சூடு சரியா இருக்கா மேடம்?"

மின்னல் முடி வெட்டிக்கொள்ளவில்லை. ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடியே வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை. கண்ணு போச்சு, காது போச்சு என்று ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். அவளைச் சுட்டது அது இல்லை. போன வாரம் அக்கா சொன்ன ஒரு வார்த்தை இப்போதுதான் வேறு முகம் காட்டியது.

அக்கா மகளுக்குக் கல்யாணம். வருகிற வாரம் ரிசப்ஷன். போன வாரம் அக்கா வீட்டுச் சமையலறையில் நின்றபடி, குரலில் தேனைத் தடவிச் சொல்லியிருந்தாள்: "இந்த வாட்டி நீ கேமராவைத் தொடாதேம்மா. தம்பி எடுக்கட்டும். நீ சித்தியா லட்சணமா உடுத்திக்கிட்டு முன்வரிசையில உக்காரு. எத்தனை கல்யாணத்துலதான் நின்னுக்கிட்டே இருப்பே, கால் வலிக்காது?"

அதைக் கேட்டு இவள் நெகிழ்ந்து போனாள். அக்கா நம் காலைப் பற்றிக்கூட நினைக்கிறாளே என்று. குளியலறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, "சரிக்கா" என்று தலையாட்டியும் வைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு கேட்கவில்லை. அக்கா மகள் பிறந்த மறுநாள் தொட்டிலில் படம் பிடித்தது இவள். முதல் பல், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக ஓடிவந்து அழுத முகம், வேலை கிடைத்த அன்று கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்ற பெருமை, எல்லாமே இவள் கேமராவில். அந்த வரிசையில் இந்த ரிசப்ஷன் இல்லாமல் போனால் அது என்ன வரிசை? அக்காவிடம் மறுபடி பேச வேண்டும், நானே எடுக்கிறேன் என்று கெஞ்சியாவது கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது புரிந்துவிட்டது. கால் வலியாவது, கத்தரிக்காயாவது. சம்பந்தி வீட்டார் காதுக்கு வதந்தி போயிருக்கிறது. அக்கா பயந்துவிட்டாள். பயந்ததைப் பாசமாக மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"தலையைக் கோதிக்கிட்டே கழுத்தை அறுத்திருக்கா," என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிவிட்டு மின்னல் வண்டியை எடுத்தாள்.

மின்னல் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. கல்யாண வேலைக்காரர்கள் வைத்தது. பூ அலங்காரக்காரர், கேக் கொண்டு வருகிறவர், நாற்காலி போடுகிறவர்கள் எல்லாருக்கும் அவள் மின்னல்தான். தொடக்கத்தில் கேலியாக இருந்தது, பிறகு அதுவே அடையாள அட்டை ஆகிவிட்டது.

இளவயதில் அவள் வேலை பார்த்தது பஸ் நிலையத்துக்குள் ஒரு பெட்டிக்கடை அளவு ஸ்டூடியோவில். பாஸ்போர்ட் படம் மட்டும். ஸ்டூலில் ஆளை உட்கார வைத்து, முகத்துக்கு நேரே ப்ளாஷ் அடித்து, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். எல்லா முகமும் தட்டையாக, பின்சுவரில் ஒரு கறுப்பு நிழலோடு, போலீஸ் பிடித்து வந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் கேமரா கைதவறி, ப்ளாஷின் தலை மேலே திரும்பிவிட்டது. தெரியாமல் அப்படியே அழுத்திவிட்டாள். வெள்ளைக் கூரையில் பட்டு வெளிச்சம் மழை மாதிரி இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த சிடுமூஞ்சி மனிதர் படத்தில் நல்லவராக இருந்தார். முதலாளி அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டார். அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த ஹாலுக்குப் போனாலும் முதலில் நிமிர்ந்து கூரையைத்தான் பார்ப்பாள். வெள்ளைக் கூரை என்றால் முகம் மலரும். மரப்பலகைக் கூரை என்றால் கட்டியவரைத் திட்டுவாள். "கேமரா தலைமேல நேராக் குந்தியிருக்கிற ப்ளாஷ் டார்ச் அடிச்சுக் கேள்வி கேக்கும். தள்ளி நிக்கிற ப்ளாஷ்தான் ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி," என்பாள். அதனால் ஹாலின் பின்மூலைகளில் இரண்டு விளக்குகள், மேடைப் படிக்கட்டு ஓரத்தில் வெள்ளைக் குடை மாட்டிய ஒன்று. கேமராவின் தலையில் இருக்கும் ட்ரிகர் என்கிற சின்னப் பெட்டி ரேடியோ அலையில் கூப்பிட்டால் மூன்றும் ஒரே கணத்தில் பதில் சொல்லும். கேட்பதற்கு வித்தை மாதிரி இருக்கும். வேண்டியது இரண்டே விஷயம்: கூப்பிடுகிறதும் பதில் சொல்கிறதும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். அந்தச் சேனலில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

தம்பியும் அவளும் சேர்ந்துதான் தொழிலைத் தொடங்கினார்கள். அவன் கேமரா, இவள் வெளிச்சம். பிறகு இவளும் கேமரா, அவனும் வெளிச்சம், யார் பெரியவர் என்று இரண்டு பேரும். ஒரு கல்யாணம் முடிந்து ஸ்டாண்டை யார் மடித்து வண்டியில் ஏற்றுவது என்று தொடங்கிய சண்டை, சின்ன வயதில் யார் யாருடைய பென்சிலைக் கடித்தது என்பது வரைக்கும் போய், தொழில் இரண்டானது. விளக்குகளை ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பேச்சு மட்டும் விட்டுப்போகவில்லை. அவ்வப்போது வரும், போகும்.

வீட்டுக்கு வந்ததும் மின்னல் கணினியைத் திறந்து அந்த ரிசப்ஷன் படங்களை எடுத்தாள். பின்னால் வீட்டுக்காரர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் மட்டும் நிதானமாக ஓட்டுவார்.

"முடி வெட்டலியா?"

"வேற ஒண்ணை வெட்டணும். தள்ளுங்க."

அன்று நடந்ததை அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பேச்சு நேரத்தில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: பேசுகிறவர் கண்ணில் படிக்கட்டு விளக்கு அடிக்கக் கூடாது. அன்றும் மைக் மேடைக்கு வந்ததுமே தன் ட்ரிகரை அணைத்தாள். கேமரா ப்ளாஷைக் கூரைக்குத் திருப்பி, மாப்பிள்ளையின் அப்பா பேச எழுந்ததை இரண்டு படம் எடுத்தாள். அதற்குள் பெண் வீட்டு உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து, "நாங்க கிளம்பறோம், எங்களை ஒண்ணு எடுத்துடும்மா" என்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் கேமரா ப்ளாஷ் மட்டும்தான். உள்ளேயிருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவர் படிக்குக் கீழே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கால் இடறிடுச்சு" என்றார்கள். யாரும் இவள் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்லவில்லை.

ஸ்டாண்டில் இருந்த விளக்குகளை அவள் அணைக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். கூப்பிட ஆள் இல்லாதபோது பதில் எப்படி வரும் என்று விட்டிருந்தாள்.

இன்னொன்றும் உறுத்தியது. விழுந்த பிறகு எடுத்த படங்களில் பாதி இருட்டு. படிக்கட்டு விளக்கு சீக்கிரமே செத்துவிட்டது. மறுநாள் பேட்டரிக் கடைக்காரரிடம் போய், "செத்த பொணத்தை என் தலையில கட்டிட்டீங்க" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டிருந்தாள். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் வேறு பேட்டரி எடுத்துக் கொடுத்தார். இப்போது யோசித்தால், புது பேட்டரி அவ்வளவு சீக்கிரம் தீர வேண்டுமென்றால் அவள் இல்லாத நேரத்தில் அது யாருக்காக உழைத்தது?

"உன் தம்பி கை தேறிட்டான் போலிருக்கே," என்றார் வீட்டுக்காரர், ஈரக்கையால் போனை நீட்டி. "நீ போன அதே ரிசப்ஷன்தான். விருந்தாளியா வந்திருந்தானாமே. பார், இயற்கை வெளிச்சம்னு வேற எழுதியிருக்கான்."

தம்பி போட்டிருந்த படத்தில் மாப்பிள்ளையின் அப்பா மைக்கோடு நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது, வாய் சிரிக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டுக் கன்னத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறது. நல்ல படம். அதுதான் முதலில் எரிச்சலாக வந்தது. அந்த ஹாலில் ஜன்னலே கிடையாது. எந்த இயற்கை வந்து எட்டிப் பார்த்ததாம்?

படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். அவர் மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம். இன்னும் விரித்தாள். வட்டம் இல்லை. ஒரு பக்கம் சப்பையாக நசுங்கிய குடை. நசுங்கிய இடத்தில் ஒரு கறுப்புக் கோடு.

அவள் குடை. போன மழைக்காலத்தில் காற்று தள்ளி ஒரு கம்பி முறிந்து, கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிற அவளுடைய குடை. அந்தக் குடை விளக்கு அடித்த அதே கணத்தில் எடுத்த படம் தம்பியின் கேமராவில்.

"என்னம்மா ஆச்சு?"

"பதினொண்ணு," என்றாள் மின்னல்.

பதினொன்று அவர்கள் மூன்று பேரும் வளர்ந்த அடுக்குமாடி வீட்டின் கதவு எண். எல்லாரும் ஒன்றாம் சேனலில் இருப்பார்கள், நாம் பதினொன்றில் இருப்போம், நான் சொல்லாமல் யாரும் மாற்றக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டவள் அவள். விளக்கைப் பிரித்தார்கள், ஸ்டாண்டைப் பிரித்தார்கள், லென்ஸ் துடைக்கிற துணியைக்கூடப் பிரித்தார்கள். சேனலைப் பிரிக்கத் தோன்றவில்லை. இரண்டு பேர் விளக்கும் இன்னும் இரண்டு பேர் குரலுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

படிக்கட்டு விளக்கையும் குடையையும் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு அவள் படி இறங்கினாள். "ஈரத்தலை" என்று வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னது காதில் ஏறவில்லை.

தம்பியின் ஸ்டூடியோ மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். உள்ளே ஸ்டூலில் ஒரு பருத்த மனிதர் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு மேலே கோட்டும் டையும், கீழே அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும். தம்பி கேமராவைக் கண்ணில் வைத்து, "மோவாயை இறக்குங்க சார், இன்னும், இன்னும்... ஐயோ அவ்வளவு வேண்டாம்" என்றுகொண்டிருந்தான். அவன் கேமராவின் தலையில் ட்ரிகர் சின்னப் பச்சைக் கண்ணோடு முழித்துக்கொண்டிருந்தது.

மின்னல் வாசற்படியிலேயே ஸ்டாண்டை விரித்து நிறுத்தினாள். குடையைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள்.

"சின்னக்கா? என்ன, மழை பெய்யுதா?"

"அழுத்து."

"கஸ்டமர் இருக்காரு, சின்னக்கா."

"அவரைத்தான் எடுக்கப் போறே. அழுத்துடா."

தம்பிக்கு முகம் மாறியது. கேமராவைக் கீழே இறக்கப் பார்த்தான். அவள் ஒரு அடி உள்ளே வந்தாள். அவன் அழுத்தினான்.

சுவரோரமாக இருந்த அவன் விளக்கு அடித்தது. அதே கணத்தில் வாசலில் அவள் குடையும் பளீரென்று பூத்து அணைந்தது. மருந்துக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பின்னாலேர்ந்தும் ஒண்ணு அடிச்சுதே," என்றார் ஸ்டூலில் இருந்தவர். "நான் கண்ணை மூடிட்டேன்னு நினைக்கிறேன்."

"மூடினா மூடிட்டுப் போங்க," என்றாள் மின்னல். "டேய், எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"எது?"

"எதுவா? ஜன்னல் இல்லாத ஹால்ல இயற்கை வெளிச்சம் பிடிச்சவனே! அந்த மனுஷன் கண்ணாடிக்குள்ள என் குடை தெரியுதுடா. டேப் ஒட்டின இடம் முதக்கொண்டு தெரியுது. எப்போ தெரிஞ்சுது?"

தம்பி கேமராவின் வாரை விரலில் சுற்றினான். "வேற வேலை முடிச்சு நேரா அங்க வந்தேன். ட்ரிகரைக் கழட்டவே இல்லை. வேணும்னு பண்ணல சின்னக்கா."

"நான் கேட்டது அது இல்லை."

"மூணு நாலு படம் எடுத்ததும் தெரிஞ்சுது. படிக்கட்டுப் பக்கம் மினுக்கிச்சு. படத்தைப் பார்த்தேன். நல்லா வந்திருந்துச்சு."

"நல்லா வந்திருந்துச்சா!"

"உன் லைட்டு. நல்லாத்தானே வரும்?"

அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. புகழ்ந்து தப்பிக்கப் பார்க்கிறான். சின்ன வயதிலும் இதேதான். இவள் பங்கு மிட்டாயைத் தின்றுவிட்டு, நீ வாங்கினால்தான் ருசி என்பான்.

"தெரிஞ்சப்புறம் ஏன்டா நிறுத்தல?"

"அவரு அழுதுக்கிட்டே சிரிச்சாரு. செத்துப்போன அவரு பொண்டாட்டியைப் பத்திப் பேசிட்டிருந்தாரு. விட்டா திரும்ப வராது. பட்டன்ல வச்ச விரலை எடுக்க முடியல. உனக்குத் தெரியும்ல அது?"

அவளுக்குத் தெரியும். தெரிந்தது என்பதே கோபத்தை இன்னும் கிளறியது. அந்த இடத்தில் அவளாக இருந்தாலும் விரலை எடுத்திருப்பாளா? ஆனால் அவள் விளக்கைப் பார்த்திருப்பாள். விளக்கு எங்கே நிற்கிறது, யார் கண்ணில் படுகிறது என்று பார்த்திருப்பாள். பார்க்காமல் அழுத்துகிறவனுக்கு எதற்கு விளக்கு?

"சரி. விழுந்தாரு. அப்புறம்?"

"கேமராவைப் பைக்குள்ள வச்சுட்டேன்."

"அவரைத் தூக்கினியா?"

"நிறைய பேர் தூக்கினாங்க."

"அக்கா உன்னைக் கேட்டாளா?"

அவன் லென்ஸ் மூடியைத் தேடினான். ஸ்டூலில் இருந்தவர் டையைத் தளர்த்தினார்.

"கேட்டாளான்னு கேக்கறேன்."

"பெரியக்கா போன் பண்ணினா. சம்பந்தி வீட்ல ஒரு மாதிரி பேசறாங்க, மின்னலோட லைட்டாலதான் அவரு விழுந்தாரா, நீ அங்க இருந்தேல்லன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன். லைட்டு உன்னுதுதானே, சின்னக்கா?"

தையல்கடை மெஷினின் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

"தம்பி, இது நல்லா இல்லை," என்றார் பருத்த மனிதர். "லைட்டு அவங்களுது. ஆனா அழுத்தினது..."

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் மின்னலும் தம்பியும் ஒரே குரலில்.

அவர் மோவாயை இறக்கிக்கொண்டார்.

"அப்படியே அக்கா மக ரிசப்ஷன் வேலையையும் வாங்கிக்கிட்டே. என் லைட்டால ஒரு ஆளைத் தள்ளிவிட்டு, அந்தப் பழியை எனக்குக் குடுத்துட்டு, என் கையிலேர்ந்து என் பிள்ளையோட கல்யாணத்தைப் பிடுங்கிக்கிட்டே. கேட்கவே அழகா இருக்குடா. கம்ப ராமாயணம் மாதிரி ராத்திரி பூரா சொல்லலாம்."

"நான் கேக்கல. பெரியக்காதான் குடுத்தா."

"குடுத்தா நீ வாங்கிப்பியா? அவளைத் தொட்டில்லேர்ந்து யாரு எடுத்தது? நீ அப்போ பட்டம் விட்டுட்டிருந்தே."

"சேனலை மாத்தாதேன்னு சொன்னது யாரு?" தம்பிக்கும் இப்போது குரல் ஏறியது. "பதினொண்ணைத் தொட்டே கையை உடைப்பேன்னு சொன்னது யாரு? நீதானே? பிரிஞ்சப்போ மாத்திக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னியா? நீயும்தானே மாத்தல?"

அவள் வாசலில் நின்ற விளக்கை அணைத்தாள்.

"மாத்தலாம்னு ரெண்டொரு தடவை கை வச்சேன்," என்றான் அவன், தணிந்து. "நம்ம வீட்டு நம்பரு. மனசு வரல."

"வீட்டைப் பத்திப் பேசாதே. இப்போ அதைப் பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"இப்போ வந்திருக்கிறது நல்ல கோபமா?" என்று பருத்த மனிதர் முணுமுணுத்தார். இந்தத் தடவை யாரும் அவரை அதட்டவில்லை.

மின்னல் குடையை மடக்கினாள். நசுங்கிய கம்பி மடங்க மறுத்தது. தம்பி பிடிக்க வந்தான். கையைத் தட்டிவிட்டாள்.

"அக்காவுக்குப் போன் பண்ணு. அழுத்தினது நான்னு சொல்லு. லைட்டு யாருது, சேனல் யாருது, அதெல்லாம் அப்புறம். அழுத்தினது நான். அதை மட்டும் சொல்லு. அப்புறம் அந்த மனுஷன் வீட்டுக்குப் போ. கட்டுப் போட்ட கையைப் பார்த்துட்டு அங்கேயும் சொல்லு."

"நீ இங்கேயே நில்லு. உன் முன்னாடியே பண்றேன்."

"வேண்டாம். நான் நின்னா, கழுத்தைப் பிடிச்சுச் சொல்ல வச்சேன்னு அக்கா நினைப்பா. நான் போனப்புறம் பண்ணு. பண்ணாம விட்டேன்னா..." மிரட்டலுக்கு ஏற்ற வார்த்தை கிடைக்கவில்லை. "அந்த 'இயற்கை வெளிச்ச'த்தை முதல்ல எடுத்துத் தொலை."

"என் படம்?" என்றார் ஸ்டூலில் இருந்தவர்.

"இவரைக் கூரையில அடிச்சு எடுடா," என்றாள் மின்னல், வாசலைத் தாண்டும்போது. "நேரா அடிச்சா கழுத்தே தெரியாது."

போகும் வழியில் பேட்டரிக் கடையைத் தாண்டினாள். நிறுத்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கோபத்தோடு உள்ளே போனால் மறுபடியும் சண்டையாகத்தான் முடியும் என்று வண்டியை விட்டாள்.

ஆச்சரியம் என்னவென்றால், தம்பி மேல் இருந்த கோபம் சிக்னல் தாண்டுவதற்குள் வற்ற ஆரம்பித்துவிட்டது. அவன் அப்படித்தான். அவனிடம் வேறு எதையும் எதிர்பார்த்து அவள் ஏமாறவில்லை. வற்றாமல் கொதித்தது அக்கா மேல் இருந்ததுதான். அக்கா சம்பந்தி வீட்டைக் கேட்டாள். தம்பியைக் கேட்டாள். முடிவெட்டுகிற கடை வரைக்கும் போன கதையை யார் யாரிடமோ கேட்டுச் சரிபார்த்தாள். கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் கேட்கவில்லை. "ஏன்டி, நீயா அழுத்தினே?" என்று ஒரு கேள்வி. சமையலறையில் இவள் எதிரே நின்று, அதே நாக்கால் காலைப் பற்றி அக்கறையாகப் பேசத் தெரிந்தவளுக்கு, இந்த ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. இவள் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்ப வேண்டி வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. நம்பினால் சம்பந்தியிடம் தங்கைக்காக வாயைத் திறக்க வேண்டுமே.

இவள் அழுதாளே, அந்தக் குளியலறை அழுகை. அதை நினைத்தால்தான் அவமானமாக இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் மூன்று விளக்குகளையும் வரிசையாக நிறுத்தினாள். வீட்டுக்காரர் தட்டு எடுக்க வந்தவர், நிலைமையைப் பார்த்துத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஜெயிச்சியா?"

"யாரை?"

"சரி, கேக்கல." அவர் எதிரே உட்கார்ந்தார். "கேக்காம இருந்தாலும் தப்பு, கேட்டாலும் தப்பு. பஸ்ல ஏறினவங்களே பரவாயில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. முதல் விளக்கின் முதுகில் இருந்த சின்னத் திருகியைத் திருகிச் சேனலை மாற்றினாள். பிறகு இரண்டாவது விளக்கு. எந்த எண் வேண்டும் என்று யோசிக்காமல் முதலில் கைக்கு வந்த எண்ணைப் போட்டாள். பிடிக்கவில்லை. மறுபடியும் முதல் விளக்கை எடுத்தாள்.

மேசை மேல் கிடந்த போன் அடித்தது. திரையில் அக்காவின் முகம். அந்தப் படத்தை எடுத்ததும் இவள்தான். அக்கா மகளின் பள்ளிக்கூட வராந்தாவில், வெள்ளைக் கூரைக்கு ப்ளாஷ் அடித்து எடுத்தது. அதில் அக்கா நல்லவளாக இருந்தாள்.

"உங்க அக்கா," என்றார் வீட்டுக்காரர்.

"கண்ணு தெரியுது."

"தம்பி சொல்லியிருப்பான். அதான் கூப்பிடறாங்க. எடு."

"கை வேலையா இருக்கு."

"ஒரு திருகியைத் திருகறதுக்கு ரெண்டு கையும் வேணுமா?"

போன் நின்றது. ரிசப்ஷனை நீயே எடு என்று சொல்லத்தான் அக்கா கூப்பிட்டிருப்பாள். அது தெரிந்தேதான் இருந்தது. இந்த ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். இப்போது போனை எடுத்தால் அக்கா அழுவாள். அழுதால் இவளும் அழுவாள். அழுதபடியே சரிக்கா என்று சொல்லிவிடுவாள். கேட்கப்படாத கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

போன் மறுபடி அடித்தது.

"நான் எடுத்து, குளிக்கிறாள்னு சொல்லிடவா?"

"தொட்டுப் பாருங்க."

அவர் தட்டை மேசையில் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். அதிர்ந்து அதிர்ந்து போன் மெல்ல நகர்ந்து, நசுங்கிய குடையின் துணியில் மோதி நின்றது. அங்கேயிருந்தும் அடித்தது. மின்னல் மூன்றாவது விளக்கைத் தன் பக்கம் இழுத்துத் திருகியைத் திருகினாள். பதினொன்று போய் பன்னிரண்டு வந்தது. பதின்மூன்று. பதினான்கு. எதில் நிறுத்துவது என்று தெரியாமல் திருகிக்கொண்டே இருந்தாள். போன் அடித்துக்கொண்டிருந்தது.